வரைபடம் இவ்வளவு சீக்கிரம் வருகிறதே, எப்படி? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச காலமாக, வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். "முன்னெல்லாம் ஒரு மாற்றம் சொன்னால் பிளான் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். இப்போது மறுநாளே வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறதே, யாருக்கோ போட்ட பிளானை எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்களா?" என்பது ஒன்று. "எல்லாம் கம்ப்யூட்டரே போடுகிறது என்றால் பீஸைக் குறைக்கலாமே?" என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டுகிறவருக்கு எங்கள் மேசையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அதனால் விரிவாகவே எழுதுகிறோம்.

ஒரு வீட்டுக்கு வரைபடம் போடுவதில் யோசிக்கிற வேலை கொஞ்சம்தான். எழுதியதையே திரும்ப எழுதுகிற வேலைதான் அதிகம். நாலடி ஜன்னலை ஐந்தடி ஆக்கச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிளான், எலிவேஷன் (வெளித்தோற்றப் படம்), செக்‌ஷன் (குறுக்குவெட்டுப் படம்), கதவு ஜன்னல் பட்டியல், ஜன்னலுக்கு மேல் வரும் லின்டலின் கம்பி அளவு, ஆசாரிக்குக் கொடுக்கும் மரக் கணக்கு, எஸ்டிமேட் என்று ஏழு இடத்தில் அதை மாற்ற வேண்டும். ஆறு இடத்தில் மாற்றி ஓரிடத்தில் விட்டுப்போனால், கொத்தனார் கையில் இருப்பது அந்த ஏழாவது தாளாக இருக்கும். கட்டட வேலையில் தகராறு பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1982-ல் கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருள் வந்தபோது வரைபலகையின் வேலை திரைக்கு மாறியது. ஆனால் அதில் போடும் கோடு வெறும் கோடுதான். அது சுவரா, ஜன்னலா என்று மென்பொருளுக்குத் தெரியாது. பிறகு வந்த ரெவிட் போன்றவற்றில் சுவரைச் சுவராகவும் ஜன்னலை ஜன்னலாகவும் வைக்கிறோம். முழு வீடும் ஒரே மாடல். பிளானும் செக்‌ஷனும் பட்டியலும் அதிலிருந்து எடுக்கப்படும் தாள்கள். மாடலில் ஜன்னலை ஒருமுறை மாற்றினால் எல்லாத் தாளிலும் மாறிவிடும். இதற்கு மேல் டைனமோ, கிராஸ்ஹாப்பர் என்று இரண்டு கருவிகள் இருக்கின்றன. ரெவிட்டோடு சேர்ந்து வேலை செய்வது டைனமோ; ரைனோ என்ற மென்பொருளுக்குள் இயங்குவது கிராஸ்ஹாப்பர். சிறு சிறு பெட்டிகளைத் திரையில் கம்பி போட்டு இணைத்து, "இந்தக் கணக்கை இப்படிச் செய்" என்று கட்டளை அமைக்கலாம். நாங்கள் அதை ஸ்கிரிப்ட் என்கிறோம். லண்டனில் இருக்கும் ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனம் 1998-லேயே கணினி வழி வடிவமைப்புக்கென்று தனிக் குழு வைத்துக்கொண்டது. அங்கே கோபுரத்தின் வளைவுக்குச் செய்வதை இங்கே காரைக்குடியில் நிலைவாசலுக்கும் தரைக்கும் செய்கிறோம்.

நம் பக்கத்து வீடுகளில் முதலில் வருவது மனையடிக் கணக்கு. உள் அளவு 11 அடி, 16 அடி என்று வாடிக்கையாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கேட்டால் கேட்ட அளவில் கொடுப்பது எங்கள் கடமை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. செங்கலுக்குச் செங்கல் 11 அடி வைத்துக் கட்டினால், பூச்சு முடிந்தபின் 11 அடி இருக்காது. சுவருக்கு 12 மில்லிமீட்டர் பூச்சு என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 24 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம் போய்விடும். எங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வோர் அறையையும் பூச்சுக்குப் பூச்சு அளந்து, சொன்ன அளவுக்கு ஒத்துவராத அறையைச் சிவப்பில் காட்டும். ஒரு சுவரை நகர்த்தினால் பக்கத்து அறை கெடுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அந்த ஓர் அங்குலம் தரையில் என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். 11-க்கு 16 அடி அறைக்கு 8 அங்குல ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்ஸ்) கேட்கிறீர்கள். அகலம் 132 அங்குலம். 16 கல் போக 4 அங்குலம் மிச்சம். நீளச் சுவர் இரண்டின் ஓரமாகவும் இரண்டிரண்டு அங்குலம் ஒற்றை நிறக் கல்லை வெட்டிப் பதித்தால் கண்ணை உறுத்தாது. நீளம் 192 அங்குலம். சரியாக 24 கல். ஆக மொத்தம் 384. சுற்றிலும் ஒரு வரிசை பார்டர் ஓட்டினால் மூலைக்கல் 4, பார்டர் கல் 72, நடுவில் 14-க்கு 22 என்று 308 பூக்கல். நான்கு கல் சேர்ந்தால் ஒரு பூ என்ற டிசைனாக இருந்தால் 77 பூ முழுசாக உட்காரும். இதே அறை பூச்சில் ஓர் அங்குலம் குறைந்து 191 ஆனால் 24-ஆவது கல்லுக்கு இடம் இல்லை. 23 கல் போட்டுப் பார்டர் ஓட்டினால் நடுவில் 21 வரிசை, ஒற்றைப்படை. கடைசி வரிசையில் பூவெல்லாம் பாதியாக நிற்கும். வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கைக் கையால் போடலாம், போட்டும் இருக்கிறோம். ஆனால் பார்டரை இரண்டு வரிசை ஆக்கினால் எப்படி, 10 அங்குலக் கல்லுக்கு மாறினால் எப்படி என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். இப்போது நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே மாற்றிக் காட்டிவிடுகிறோம். எண்ணிக்கை சரியாக இருப்பது ஆத்தங்குடிக் கல்லுக்கு மிகவும் முக்கியம். கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, ஒவ்வொன்றாகச் செய்கிற கல் அது. குறைந்த கல்லைப் பிறகு சொல்லிச் செய்தால் நிறம் ஒரு சாயல் மாறி வரும். உடைசலுக்குச் சேர்த்து ஒரே தடவையில் ஆர்டர் கொடுப்பதுதான் நல்லது.

மரமும் இப்படித்தான். ஏழடி உயரம், மூன்றரை அடி அகல நிலைக்கு நாலு பக்கச் சட்டமும் சேர்த்து 21 அடி. 5-க்கு 4 அங்குலச் சட்டம் என்றால் 2.92 கன அடி. 6-க்கு 5 ஆக்கினால் 4.38 கன அடி, ஒன்றரை மடங்கு. தேக்கு விற்கிற விலையில், வீடு முழுக்க இருக்கும் நிலைகளுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு ஆகும் என்பதை ஆசாரியிடம் போவதற்கு முன்பே உங்கள் கையில் பட்டியலாகக் கொடுத்துவிடுகிறோம். அறுப்புச் சேதாரம் மட்டும் அதில் சேராது. அதை மரம் பார்த்து ஆசாரிதான் சொல்ல வேண்டும்.

அப்ரூவலுக்கான பரப்பளவுக் கணக்கு, சுற்றி விட வேண்டிய இடம் ஆகியவற்றை 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளோடு ஒத்துப்பார்ப்பதும் ஸ்கிரிப்ட் வேலைதான். பங்காளிகள் சேர்ந்திருக்கும் பழைய வீடுகளுக்கு ஒவ்வொரு பங்குக்கும் அறை, பரப்பு, பொது இடம் என்று தனித் தாள் எடுத்துத் தருகிறோம். சிங்கப்பூரில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் ஊரில் இருக்கும் ஆச்சியும் ஒரே தாளைப் பார்த்துப் பேசினால் பாதி மனத்தாங்கல் வராது.

இனி மெஷினிடம் நாங்கள் கொடுக்காத வேலையைப் பற்றி.

அறைகளின் பரப்பைச் சொன்னால் பல மாதிரிப் பிளான்களைத் தானே போட்டுத் தரும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. வீட்டுக்கு நாங்கள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. விசேஷ நாளில் வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) எத்தனை பேர் பந்தியில் உட்காருவார்கள், மழைத்தண்ணீர் முற்றத்திலிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும், முகப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு உள்ளே யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமா என்பதையெல்லாம் உங்களோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும். பிளான் உங்களுக்காகவே யோசித்துப் போட்டது. திரும்ப எழுதும் வேலையை மட்டும்தான் மெஷின் செய்கிறது.

பழைய வீடு என்றால் ஸ்கிரிப்டுக்கு இன்னும் வேலை குறைவு. பட்டாலையை (கூடத்தை) அளக்கும்போது நான்கு பக்கத்தோடு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுக்கிறோம். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் அறை மூலை மட்டத்தில் இல்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நேராக்கப் பார்க்கும். இருப்பதை இருக்கிறபடி வரைய ஆள்தான் வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சை விரல் கணுவால் தட்டிப் பார்க்கிறோம். கெட்டியாகக் கேட்டால் பிடிப்பு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டுவிட்டது. அந்த இடத்தை மட்டும் சுண்ணாம்பாலேயே சரி செய்ய வேண்டும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிப் பக்கத்துப் பூச்சையும் தள்ளிவிடும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்த வீடுகளில் ஒன்று உங்கள் கையில் இருக்கிறதென்றால், சிமெண்ட் மூட்டையைப் பிரிப்பதற்கு முன் எங்களையோ, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரையோ கட்டாயம் கேளுங்கள்.

பீஸ் விஷயத்துக்கு வருகிறோம். மிச்சமாகும் நேரம் சைட்டுக்கும் இந்த அளவெடுப்புக்கும் போகிறது. மென்பொருளுக்கு ஆண்டுதோறும் சந்தா கட்டுகிறோம். ஸ்கிரிப்ட் தரும் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் ஓர் அறையையாவது ஒருவர் கையால் எண்ணிச் சரிபார்த்த பிறகே தாள் வெளியே போகிறது. அதனால் பீஸைக் குறைக்கவில்லை. ஆனால் அஸ்திவாரம் தோண்டும் முன்பு நீங்கள் கேட்கும் மாற்றங்களுக்குத் தனிக் கட்டணம் வாங்குவதை நிறுத்திவிட்டோம். தயங்காமல் கேளுங்கள். வேலை ஆரம்பித்து, நிலைக்கு மரம் அறுத்து, கல்லுக்கு ஆர்டர் போன பிறகு கேட்டால் தாள் ஒரு நாளில் மாறிவிடும். அறுத்த மரத்துக்கும் செய்த கல்லுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. தாள்கள் வேகமாக வருவதால் பழைய தாளும் சைட்டிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் திருத்த எண்ணும் தேதியும் தானாகப் பதிவாகும்படி செய்திருக்கிறோம். புதிய எண் வந்ததும் பழைய தாளைக் கிழித்துவிடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கி அதிலிருந்து அளவெடுத்து ஆசாரிக்குச் சொல்ல வேண்டாம். அச்சடித்த தாளில் எழுதியிருக்கும் அளவுதான் அளவு.

முதல் சந்திப்புக்கு வரும்போது பத்திர நகல், வேண்டிய உள் அளவுகள், பழைய வீடாக இருந்தால் பங்காளிகள் பெயரும் அவரவர் அறையும் எழுதிய குறிப்பு, தரையில் பெயர்ந்த கல் ஏதாவது இருந்தால் அதில் ஒன்று, இவற்றைக் கொண்டுவாருங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை நேரத்தில் அலுவலகத்தில் இருப்போம். மதியத்துக்கு மேல் சைட்டில் இருப்போம்.

அன்புடன்,
அலுவலகத்தார்,
காரைக்குடி