புற்றுநோய் மாத்திரையும் வெடித்த உள்ளங்கையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டிப் பிழைத்த என் அத்தானுக்கு, சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரல்வரை பரவிய பிறகே நோய் தெரியவந்தது. மருத்துவர் சுனிடினிப் என்ற மருந்தை எழுதித் தந்தார். நான்கு வாரம் நாள்தோறும் ஒரு கேப்சூல், பிறகு இரண்டு வாரம் இடைவெளி என்பது கணக்கு. மூன்றாவது வாரத்தில் அவருடைய உள்ளங்கை சிவந்து, தடித்து, விரல் மடிப்புகளில் உரிந்து வெடித்தது. பால்வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. உள்ளங்காலும் அப்படியே ஆனதால் தோட்டத்துச் சரிவில் இறங்கவும் முடியவில்லை. இடைவெளி வாரங்களில் கை ஆறியது. ஆறிய கையைப் பார்த்தவர், மருந்து அட்டையைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் அக்காவுக்கே தெரிந்தது.

இது இந்த மருந்துக்கு நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. மருத்துவரிடம் சொல்லியிருந்தால் 50 மில்லிகிராமை 37.5 ஆகக் குறைத்திருப்பார். யூரியா கலந்த களிம்பும் தந்திருப்பார். மருத்துவமனையில் இதை யாரும் விளக்கவில்லை என்று குறை சொல்லலாம்தான். ஆனால் புறநோயாளிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணமும் தெரியும்.

கட்டி தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும் வழியைத் தடுப்பதே இம்மருந்தின் வேலை. நோயை அடியோடு நீக்காது என்றாலும், 750 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், அதுவரை வழக்கத்தில் இருந்த இன்டர்ஃபெரான் ஊசி நோயை ஐந்து மாத அளவுக்கே கட்டுக்குள் வைத்திருந்தபோது, சுனிடினிப் பதினொரு மாத அளவுக்கு வைத்திருந்தது. அந்த மாதங்களைத்தான் அத்தான் பீரோவில் பூட்டி வைத்தார்.

விலை பற்றியும் ஒரு சொல். இதே வகையைச் சேர்ந்த சோராஃபெனிப் மருந்துக்கு 2012 மார்ச்சில் இந்தியா கட்டாய உரிமம் (காப்புரிமை பெற்ற நிறுவனத்தின் சம்மதம் இல்லாமலே வேறு நிறுவனம் மருந்தைத் தயாரிக்க அரசு தரும் அனுமதி) வழங்கியபோது, மாதம் ஏறத்தாழ 2,80,000 ரூபாயாக இருந்த செலவு 8,880 ரூபாய்க்கு இறங்கியது. அவ்வளவு போராடி விலை குறைத்த வகை மருந்தை, கை எரிச்சலுக்குப் பயந்து நோயாளி பாதியில் விடுவது பெரும் வீண்.

ஆகவே சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம் பார்க்கும் பணியாளர்கள், நம் குமரி மாவட்டத்தில் இவ்வகை மருந்து உட்கொள்பவர்களையும் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இம்மருந்து இரத்த அழுத்தத்தை ஏற்றும், தைராய்டு சுரப்பையும் குறைக்கலாம் என்பதால், முதல் சுற்றில் வாரம் ஒருமுறை இரத்த அழுத்தத்தை அளந்து, கையோடு உள்ளங்கை, உள்ளங்காலையும் பார்த்து, தைராய்டு பரிசோதனையை நினைவூட்டி, மாற்றம் தெரிந்தால் சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவித்தால் போதும். திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ அடுத்த முறை போகும்வரை காத்திருந்தால், திற்பரப்பிலும் பேச்சிப்பாறையிலும் இருப்பவர்கள் அதற்குள் மருந்தை நிறுத்தியிருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவட்டாறு.