வரி வாங்கியதும் தடை போட்டதும்

அன்புள்ள குமரனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். இணையவழிப் பண விளையாட்டு நிறுவனத்தில் உன் வேலை போன செய்தியைச் சொன்ன அன்று, "இத்தனை நாள் எங்களிடம் வரி வாங்கிய அரசு, மூன்றே நாளில் எங்கள் தொழிலையே குற்றம் என்று சொல்லலாமா அப்பா?" என்று கேட்டாய். வணிகவரித் துறையில் முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டியும் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கேள்விக்கான பதில் 2023-ஆம் ஆண்டு ஜிஎஸ்டி சட்டத்தில் செய்த திருத்தத்திலேயே இருக்கிறது. இணையவழிப் பண விளையாட்டு என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், அது திறமையால் ஆடுவதோ அதிர்ஷ்டத்தால் ஆடுவதோ, வேறு சட்டங்களின்படி அனுமதிக்கப்பட்டதோ இல்லையோ, எதுவானாலும் வரி உண்டு என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். வரி வாங்குவதாலேயே அந்தத் தொழிலை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்று அரசு அன்றே எழுதி வைத்துவிட்டது. உங்கள் நிறுவனத்தின் வக்கீல்கள் அந்த வாசகத்தைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஊழியர்களுக்கு எடுத்துச் சொன்னார்களா என்பதுதான் தெரியவில்லை.

ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்பாய். உண்மைதான். 1968-இல் ஆந்திர வழக்கொன்றில், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது எதைக் கழிப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று தீர்ப்பானது. அதே தீர்ப்பில், ஆட்டம் நடத்தும் மன்றமோ வீட்டுக்காரரோ அதில் லாபம் பார்ப்பதாகத் தெரிந்தால் குற்றமாகலாம் என்றும் ஒரு வாக்கியம் உண்டு. முன்பாதியை விளம்பரம் வரைக்கும் கொண்டுபோனவர்கள் பின்பாதியைத் தொடவே இல்லை.

வரிக் கணக்கைப் பார். முன்பெல்லாம் நிறுவனங்கள் தாங்கள் எடுக்கும் கமிஷனுக்கு மட்டும் 18 சதவீதம் கட்டின. ஒருவர் 100 ரூபாய் போட்டு, அதில் நிறுவனம் 10 ரூபாய் எடுத்துக்கொண்டால், வரி 1 ரூபாய் 80 காசு. 2023 அக்டோபர் 1 முதல் போடும் பணம் முழுவதற்கும் 28 சதவீதம் என்று ஆனது. வரியையும் உள்ளடக்கிய 100 ரூபாயில் ஏறத்தாழ 22 ரூபாய் அரசுக்குப் போயிற்று. நிறுவனம் எடுக்கும் 10 ரூபாயைவிட வரி இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு தொழில் வளர வேண்டும் என்று நினைக்கும் அரசு இப்படி வரி போடாது. இதற்கு முந்தைய காலத்துக்கென்று ஒரே ஒரு நிறுவனத்திடம் 21,000 கோடி ரூபாய் கேட்டு 2022-இல் அறிவிப்பு போனபோதே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எங்கள் துறையில் பலருக்குப் புரிந்துவிட்டது.

வருமான வரியின் கதை வேறு. நம் தெருமுனைத் தையல் கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருநாள் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "சார், ஜெயிச்ச காசுல பிடிச்சுட்டாங்க" என்றான். 10,000 போட்டவன் 25,000 எடுத்திருக்கிறான். நிகர வெற்றி 15,000; அதில் 30 சதவீதம், 4,500 ரூபாய், பிடித்தம். மிச்சமாகக் கைக்கு வந்த 20,500-இல் 20,000-ஐ அடுத்த வாரமே திரும்பப் போட்டு முழுவதும் தோற்றுவிட்டான். ஆண்டுக் கணக்கில் அவன் போட்டது 30,000, எடுத்தது 25,000. வரி கட்ட வேண்டிய வெற்றியே இல்லை. ஆனாலும் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்த 4,500 திரும்ப வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்து நான்தான் தாக்கல் செய்து கொடுத்தேன்.

தமிழ்நாட்டில் இந்தத் தடை எத்தனை முறை ஏறி இறங்கியது என்பது உனக்கே தெரியும். 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தடைச் சட்டம் ஒன்றை ரத்து செய்தது. இதை ஆராய மாநில அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த அடுத்த மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் சட்டமாக்கியது. அதில் ரம்மியையும் போக்கர் என்ற சீட்டாட்டத்தையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்திருந்த அட்டவணையை அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் நீக்கியது. பிறகு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்ற விதி வந்தது. அதை நீதிமன்றமும் ஏற்றது. எனக்கு அந்த விதி பிடித்திருந்தது, ஏனென்றால் தையல் கடைப் பையன் பணம் போட்ட நேரங்களில் பாதி இரவு இரண்டு மணி.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் ஒரு தடை மசோதாவை இரண்டே நாளில் நிறைவேற்றி எல்லாவற்றையும் மூடியது; மூன்றாம் நாள் அது சட்டமானது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. சூதாட்டம் மாநிலப் பட்டியலில் இருக்க, இதை நாடாளுமன்றம் செய்யலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. தடை செய்த விளையாட்டுக்கே செப்டம்பரில் ஜிஎஸ்டி வரியை 40 சதவீதம் ஆக்கியதைக் கண்டு நீ சிரித்ததாகச் சொன்னாய். நானும் சிரித்தேன். ஆனால் 2003-இல் இங்கே லாட்டரிச் சீட்டைத் தடை செய்த பின் எல்லை தாண்டிப் போய்க் கேரளச் சீட்டு வாங்கியவர்களைப் பார்த்தவன் நான். இன்று வெளிநாட்டுச் செயலிகளுக்கு அந்த எல்லைகூடக் கிடையாது.

பணி முடிப்புத் தொகைக்கான கணக்கையும், சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 16-ஐயும் கேட்டு வாங்கி வை. உன் பெயரிலும் ஒரு விளையாட்டுக் கணக்கு இருந்ததாக அம்மாவிடம் சொன்னாயாமே. அதில் மிச்சமிருந்ததை எடுத்தபோது ஏதாவது பிடித்தார்களா என்று 26ஏஎஸ்-இல் பார்த்து எனக்கு அனுப்பு. அடுத்த ஆண்டுக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா