எல்சி விடோசனைப் பற்றி மீனாட்சிக்கு

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடி விடுதிக்குப் போய்வருவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இங்கே பேத்தி ஊட்டச்சத்துப் படிப்பில் சேர்ந்துவிட்டாள்.

விடுதிப் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தால் எடை ஏறும் என்று கேட்டிருந்தாய். அதற்கு எல்சி விடோசன் என்ற ஆங்கிலேய உயிர்வேதியியலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆப்பிளின் வேதியியலை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். 1933-இல் லண்டனில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் மெக்கன்ஸ் என்ற மருத்துவரைச் சந்தித்தார். பழங்களிலுள்ள சர்க்கரை பற்றி மெக்கன்ஸ் போட்டிருந்த கணக்கு குறைவாக இருக்கிறது, சோதனையிலேயே ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை கொஞ்சம் அழிந்துபோகிறது என்று நேரிலேயே சொல்லிவிட்டார். மெக்கன்ஸ் கோபப்படவில்லை, கூட வேலை செய்யக் கூப்பிட்டார். ஏறக்குறைய 60 ஆண்டுகள் சேர்ந்தே உழைத்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கப்பல்கள் நின்றுபோனால் பிரிட்டன் எதைத் தின்று பிழைக்கும்? கேம்பிரிட்ஜில் இருவரும் சில நண்பர்களோடு பால், இறைச்சி, முட்டை, சர்க்கரையை மிகக் குறைத்துக்கொண்டு ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் என்று மூன்று மாதம் சாப்பிட்டார்கள். அப்புறம் குளிர்காலத்தில் இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் ஏறிப் பார்த்தார்கள். உடம்பு தாங்கியது. ஆனால் தவிட்டு மாவிலுள்ள ஃபைடேட் என்ற பொருள் கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் தடுப்பது தெரிந்தது. அதனால்தான் ரொட்டி மாவில் கால்சியம் கார்பனேட் கலக்கச் சொன்னார்கள், அரசும் கலந்தது. ஊருக்குச் சொல்வதை முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்தவர் என்பதால் விடோசன்மீது எனக்கு அத்தனை மரியாதை.

நீ கேட்டதற்கு நெருக்கமானது போருக்குப் பின் நடந்தது. ஜெர்மனியில் இரண்டு அனாதை இல்லங்கள், இரண்டிலும் ஒரே ரேஷன். பிறகு ஒன்றில் மட்டும் கூடுதலாக ரொட்டி, ஜாம், ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்கள். அந்த இல்லத்துப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக எடை கூடினார்கள்! காரணம், அதே சமயத்தில் அங்கே மாற்றலாகி வந்த மேற்பார்வையாளர். சாப்பாட்டு வேளை பார்த்துப் பிள்ளைகளை எல்லார் முன்னாலும் திட்டுகிற பெண்மணி. அவருக்குச் செல்லமான சில பிள்ளைகள் மட்டும் நன்றாக வளர்ந்தார்கள். விடோசன் இதை 1951-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்.

உணவுப் பட்டியலைப் போட்டு அடுத்த வாரம் அனுப்புகிறேன். அதற்குள், பந்தியில் பிள்ளைகளோடு யார் நிற்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்து எனக்கு எழுது.

அன்புடன்,
வசந்தா