பேண்ட் வாத்தியத்தை விடச் சொல்லாதே

திருச்சி

அன்பு மகளுக்கு,

நலமாக ஊர் வந்து சேர்ந்தேன். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கட்டட வேலைதான் இன்னும் முடியவில்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஆண்டுப் பாடத் தேர்வுப் படிவத்தில் பெரியவள் கிளாரினெட் வாசிக்கும் பள்ளி பேண்ட் வாத்தியக் குழுவை எடுத்துவிட்டு, கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏ.பி. பாடம் இன்னொன்று போடப் போவதாகச் சொன்னாய். ஃபோனில் பேசினால் நீ குறுக்கே புகுந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

பேண்டால் வகுப்பில் ரேங்க் குறையும் என்ற மாப்பிள்ளையின் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். சரிதான். அவர்கள் பள்ளியில் ஏ.பி. பாடத்துக்கு உச்ச மதிப்பு 5, பேண்டுக்கு 4. ஏழு பாடங்களில் ஆறு ஏ.பி., ஒன்று பேண்ட் என்று எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் சராசரி 4.86-ஐத் தாண்டாது. பேண்டை எடுத்துவிட்டால் 5. ஆனால் அந்த ஏழாவது ஏ.பி.யில் குழந்தை ஒரு பி வாங்கினால் மதிப்பு 4 ஆகிவிடும். அப்போது பேண்டில் வாங்கிய ஏ-க்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இதை மாப்பிள்ளை கணக்கில் சேர்க்கவில்லை.

அவர் பயப்படுவது ஆஸ்டினில் இருக்கும் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தை நினைத்து. பள்ளி ரேங்கை வைத்து அங்கே இடம் கொடுக்கும் சட்டத்தைப் பற்றி உங்கள் வீட்டில் இருந்தபோதே தேடிப் படித்தேன். சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 1996-இல் நீதிமன்றம் சொன்ன பிறகு, 1997-இல் டெக்ஸஸ் சட்டமன்றம் கொண்டுவந்தது. எந்தப் பள்ளியாக இருந்தாலும் அதில் முதல் 10 சதவீதத்தில் வருபவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம். சின்ன ஊர்ப் பள்ளிக்கும் நகரத்து ஏழைப் பள்ளிக்கும் கதவு திறந்துவிட்ட நல்ல சட்டம். இடம் போதாமல் ஆஸ்டினுக்கு மட்டும் அந்த வரம்பைக் குறைத்துக்கொண்டே வந்து, 2026-இல் சேர்பவர்களுக்கு 5 சதவீதமாக்கிவிட்டார்கள். நீங்களோ, நல்ல பள்ளி வேண்டும் என்று விலை கூடின புறநகரில் வீடு வாங்கினீர்கள். அங்கே ஒரு வகுப்பில் ஆயிரம் பேர் என்றால், தெருவுக்கு நான்கு பேர் அந்த 50 இடத்துக்குள் வரப் படிக்கிறார்கள். போட்டியை நீங்களே தேடிப் போய் விலை கொடுத்து வாங்கிவிட்டு, குழந்தையின் கிளாரினெட் மீது பழி போடுகிறீர்கள்.

இன்னொன்று. அந்த 5 சதவீதத்துக்குள் வந்தாலும் பல்கலைக்கழகத்தில் நுழைய மட்டுமே உறுதி. மாப்பிள்ளை கேட்கும் கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைக்கும் என்று சட்டம் சொல்லவில்லை. அதைத் தனியாகப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். நம் ஊரிலேயே 2017-இல் மாநில ரேங்க் பட்டியலை நிறுத்திவிட்டார்கள். நீங்கள் அங்கே உட்கார்ந்து ரேங்குக்காக மாய்ந்துபோகிறீர்கள்.

அந்த ஊர் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல) மோகத்தைப் பற்றி என் கருத்து உனக்குத் தெரியும். பக்கத்து ஊரான ஆலனில் பள்ளிப் பிள்ளைகள் விளையாட 18,000 பேர் உட்காரும் மைதானம்! ஆறு கோடி டாலரில் கட்டி 2012-இல் திறந்தார்கள், இரண்டே ஆண்டில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடிப் பழுதுபார்த்தார்கள். பழைய மாணவர்களை வரவேற்கும் ஹோம்கமிங் விழாவுக்குப் பெண் பிள்ளைகள் மார்பில் குத்திக்கொள்ளும் ‘மம்’ என்ற சமாச்சாரமும் அப்படித்தான். ஒரு காலத்தில் நிஜச் சாமந்திப் பூவாக இருந்ததாம். இப்போது துணிப் பூ, தரை வரை ரிப்பன், மணி, கரடிப் பொம்மை. பூக்காரி எவளும் பிழைக்க முடியாது. உன் சின்னவள் அதற்குள் தனக்கு எத்தனை மணி வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

ஆனால் அந்த ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்தில் வாசிக்கும் பேண்ட் வேறு. ஆகஸ்ட் வெயிலில், பள்ளி கார் நிறுத்துமிடத்தில் கோடு போட்ட தாரில், அவர்கள் பயிற்சி செய்ததை நிழலில் நாற்காலி போட்டுப் பார்த்தேன். கிளாரினெட் என்றால் எனக்கு ஏ.கே.சி. நடராஜன்தான். உட்கார்ந்து வாசிக்க வேண்டியதை இவர்கள் ஏன் பின்பக்கமாக நடந்துகொண்டே ஊதுகிறார்கள் என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு அவள் கழுத்தில் தொங்கிய சிறு நோட்டை வாங்கிப் பார்த்தேன். அவர்கள் மைதானத்தில் நடந்து அமைக்கும் ஒவ்வொரு உருவத்துக்கும் அவள் நிற்க வேண்டிய புள்ளி எழுதியிருக்கிறது. 40 கஜக் கோட்டிலிருந்து இத்தனை காலடி, முன்கோட்டிலிருந்து இத்தனை காலடி. ஐந்து கஜத்தை எட்டுக் காலடியில் கடக்க வேண்டும். காலடிக்கு 22.5 அங்குலம், நெட்டையனுக்கும் குட்டைக்கும் அதே அளவு. நான் கரும்பலகையில் போட்டுப் போட்டு, பாதி வகுப்பு தூங்கிய ஆயத்தொலைவு வடிவியல்! அதை உன் பெண் தாளம் தவறாமல் கால்களால் போடுகிறாள். பக்கத்தில் நின்ற டிரம்பெட் பையன் ஒரு காலடி தள்ளிப் போனபோது, ஊதுவதை நிறுத்தாமல் கண்ணாலேயே அவனை இழுத்துச் சரிசெய்தாள். வீட்டில் கூப்பிட்டால் காது கேட்காத பெண் அவள்.

படிப்பு கெட்டுவிடும் என்கிறாய். அதற்கும் அந்த மாநிலம் 1984-லேயே வழி செய்திருக்கிறது. ஏ.பி. போன்றவை அல்லாத ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால், இப்போதைய விதிப்படி குறைந்தது மூன்று வாரம் போட்டிக்குப் போக முடியாது. பள்ளி நேரத்துக்கு வெளியே வாரத்துக்கு எட்டு மணி நேரம்தான் பயிற்சி என்று வரம்பும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டமும் சனிக்கிழமைப் போட்டியும் அதில் சேராது, ஒப்புக்கொள்கிறேன். நள்ளிரவில் பள்ளி வாசலில் காரில் காத்திருப்பது உனக்குத்தான் கஷ்டம். அந்தக் கஷ்டம்தான் காரணம் என்றால் அதை நேராகச் சொல். ரேங்க் மீது போடாதே.

ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் இடத்தில், மணி அடித்ததும் வாத்தியார் அவரவர் அறையிலேயே இருக்க, பிள்ளைகள்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஓடுகிறார்கள். ஒரு பீரியடில் பக்கத்தில் இருந்தவள் அடுத்ததில் இல்லை. நம் பள்ளியைப் போல ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச் என்ற ஒட்டுதல் அங்கே கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள் மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று இவளுக்குத் தெரிந்திருந்ததே பேண்டால்தான். ஆகஸ்டிலேயே சிநேகிதம் பிடித்துவிட்டாள். இதற்கு எத்தனை மதிப்பெண் என்று மாப்பிள்ளையைக் கேள்.

படிவத்தைக் கொடுப்பதற்கு முன் அவளையும் உட்காரவைத்துப் பேசுங்கள். அவளே விட நினைத்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மாப்பிள்ளைக்கு இதைத் தாராளமாகப் படித்துக் காட்டு. அவர் மைதானக் கடையில் பேண்டுக்குப் பணம் சேர்க்க நாச்சோஸ் விற்றதையும், இடைவேளையில் கடையை அப்படியே விட்டுவிட்டு வேலியோரம் ஓடிப் போய்ப் பெண்ணை வீடியோ எடுத்ததையும் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீடியோவை எனக்கு அனுப்பச் சொல்.

அன்புடன்,
அம்மா