விளம்பரம் தமிழ்ல பேசுதுல்ல, சக்கரை கணக்கையும் தமிழ்லயே சொல்லட்டும்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்துக்கு வணக்கம்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைல பதினாறு வருஷமா மளிகைக் கடை வச்சிருக்கேன். ஒரு ஆயாவுக்காகத்தான் இந்த மடல எழுதுறேன். டெய்லி காலைல பால் வாங்க வருவாங்க, கூடவே பேரனுக்கு ஒரு மால்ட் பவுடர் பாக்கெட். மகளும் மருமகனும் வேலைக்குப் போயிடுறாங்க, பையன வளக்குறது இவங்கதான். போன மாசம் ஒருநாள் பாக்கெட்ட கைல வச்சிக்கிட்டு, "தம்பி, இதுல சக்கரை இருக்கா, இல்ல நாமதான் போடணுமா?"ன்னு கேட்டாங்க. எனக்கே தெரியல. இத்தன வருஷமா விக்கிறேன், ஒருநாள்கூட திருப்பிப் பாத்ததில்ல.

செல்போன் டார்ச் அடிச்சி பின்பக்கம் படிச்சேன். 100 கிராம் பவுடர்ல 32 கிராம் சக்கரைன்னு பொடி எழுத்துல இங்கிலீஷ்ல போட்டிருந்தாங்க. ஒரு டம்ளருக்கு 20 கிராம் பவுடர் போடணும்னும் இருந்துச்சு, அப்ப ஒரு டம்ளர்லயே ஆறு கிராமுக்கு மேல சக்கரை, ஒன்றரை ஸ்பூன். ஆயா அதுக்கு மேல ரெண்டு ஸ்பூன் தனியா போட்டிருக்காங்க, காலைல ஒருவாட்டி சாயங்காலம் ஒருவாட்டி, ரெண்டு வருஷமா. சொன்னதும் "டிவில வளத்திக்கு நல்லதுன்னுதானப்பா சொல்றான்"னாங்க. அந்த முகத்த என்னால மறக்க முடியல.

அவங்க மேல என்ன தப்பு? விளம்பரம் நல்ல தமிழ்ல, பாட்டோட, அம்மா பாசத்தோட பேசுது. லேபிள்ல மட்டும் இங்கிலீஷோ இந்தியோ இருந்தா போதும்னு உங்க விதியே சொல்லுது, வேற மொழி போடுறதும் போடாததும் கம்பெனி இஷ்டம். ஆசைய காட்டுறது தமிழ்ல, அளவ சொல்றது ஆயாவால படிக்க முடியாத மொழில, இது எப்படிங்க சரியாகும்?

எங்க ஊர்ல "சுகர்"னா அது வியாதியோட பேரு. 2023ல வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வுல புதுச்சேரில பெரியவங்கள்ல 26.3 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய்னு இருந்துச்சு, கோவாவுக்கு அடுத்து நாடு முழுக்க நாமதான். நாலு பேர்ல ஒருத்தருக்கு மேல. எங்க தெருவ எண்ணிப் பாத்தா அது கம்மின்னுகூட தோணுது, எங்கம்மாவும் அதுல ஒருத்தங்க, பதினொரு வருஷமா மாத்திரை. எல்லாத்துக்கும் இந்த பவுடரும் ஜூஸும்தான் காரணம்னு சொல்ல வரல, அரிசி சாப்பாடு இருக்கு, பரம்பரை இருக்கு, உக்காந்தே பாக்குற வேலை இருக்கு. ஆனா சோத்துல என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஜிலேபி இனிப்புன்னு கைக்குழந்தைக்கும் தெரியும், அத யாரும் ஒசரமா வளர வைக்கும்னு சொல்லி விக்கல. ஒரு சின்ன அட்டைப் பொட்டி மாம்பழ ஜூஸ் 160 மில்லி, 100 மில்லிக்கு 13 கிராம்னு வச்சா 20 கிராமுக்கு மேல போகுது, அஞ்சு ஸ்பூன். ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015லயே சொல்லிடுச்சு, அதுவும் பெரியவங்களுக்கு. விளம்பரத்துல தெரியறது மாம்பழம் மட்டும்தான்.

நீங்க ஒண்ணுமே செய்யலன்னு சொல்ல மாட்டேன். 2024 ஏப்ரல்ல இந்த பவுடரயெல்லாம் ஆன்லைன்ல "ஹெல்த் டிரிங்க்"னு போட்டு விக்காதீங்கன்னு சொன்னீங்க. அதே வருஷம் ஜூலைல லேபிள்ல சக்கரை, உப்பு, கொழுப்பு அளவ பெருசா தடிமனா போடணும்னு முடிவெடுத்தீங்க, படிச்சப்ப நிஜமாவே சந்தோஷப்பட்டேன். ஆனா எங்கடைக்கு வர்றவங்க லேபிள பாத்து முடிவு பண்றதில்ல, பையன் டிவில பாத்துட்டு கேக்குறான், வாங்கிக் குடுக்குறாங்க, கடைப்படி ஏறும்போதே முடிவாயிடுது. அதனாலதான் லேபிள் மட்டும் போதாது, விளம்பரத்துலயே சொல்லணும்னு கேக்குறேன். 2018லயே நீங்க உணவு விளம்பரத்துக்கு விதி கொண்டுவந்திருக்கீங்க, பொய் சொல்லக்கூடாதுன்னு அதுல இருக்கு, சக்கரை எவ்வளவுன்னு சொல்லியே ஆகணும்னு இல்ல.

பத்து செகண்ட் விளம்பரத்துல இதெல்லாம் எப்படி முடியும்னு கம்பெனிங்க கேப்பாங்க. மியூச்சுவல் ஃபண்டு விளம்பரம் முடியும்போது சந்தை அபாயத்த மூச்சு விடாம சொல்றாங்களே, அது எப்படி முடியுது? பணத்துக்கு ஒரு எச்சரிக்கைன்னா புள்ளைங்க வயித்துக்கு ஒண்ணு வேணாமா? எங்க ஊர்ல பிரான்ஸ்ல சொந்தக்காரங்க இருக்குற வீடு நிறைய. அங்க 2007லேருந்து இந்த மாதிரி உணவு விளம்பரத்துலயே கொழுப்பு, இனிப்பு, உப்பு ரொம்ப வேணாம்னு அறிவுரை வருது. அது பொதுவான அறிவுரைதான், அளவு இல்ல. நாம அளவையே சொல்ல வைக்கலாம்.

கிராம்ல சொன்னா ஆயாவுக்குப் புரியாது, ஸ்பூன் கணக்குல சொல்லணும். "ஒரு டம்ளர்ல ஒன்றரை ஸ்பூன் சக்கரை", அவ்வளவுதான். விளம்பரம் எந்த மொழியோ அந்த மொழியில, அதே குரல்ல, அதே வேகத்துல. டிவி, ரேடியோ, செல்போன் வீடியோ, பஸ் மேல ஒட்டுறது எல்லாத்துலயும். கடை போர்டுலயும்தாங்க. எங்கடை போர்டே ஒரு கூல்டிரிங்ஸ் கம்பெனி ஃப்ரீயா போட்டுக் குடுத்ததுதான், பாட்டில் படம் ஆளு ஒசரத்துக்கு இருக்கு, எங்கடை பேரு ஓரமா இருக்கு. அந்த பாட்டில்ல எத்தன ஸ்பூன் சக்கரைன்னு அந்த போர்டுலயே எழுதச் சொல்லி விதி போடுங்க. வியாபாரம் கொஞ்சம் கொறையும், தெரிஞ்சிதான் கேக்குறேன்.

ஆயா இப்பவும் பாக்கெட் வாங்குறாங்க, பையன் விட மாட்டேங்குறான். தனியா சக்கரை போடுறத மட்டும் நிறுத்திட்டாங்க.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டை மளிகைக் கடைக்காரன்