வெறும் வயிற்றோடு படுக்காதே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. முழங்கால் வலி தணிந்ததும், பெரியவள் வேலையில் சேர்ந்ததும் படித்து மகிழ்ந்தேன். ஆனால் கடைசியில் எழுதியிருந்தாயே, சாயங்காலம் எடை தூக்கிவிட்டு வந்து தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறேன், சாப்பிட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று! அதைப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு வருடம் முன்பு நானும் இதே கூத்தைத்தான் அடித்தேன்.

நான்கு மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்தது. பார்த்தவர்களெல்லாம் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். தோளும் தொடையும் வற்றிவிட்டன, தொப்பை மட்டும் அசையவில்லை. முதல் மாதம் தூக்கிய எடையை நான்காம் மாதம் தூக்க முடியவில்லை. நடுராத்திரி எழுந்து பிஸ்கட் டப்பாவைத் துழாவுவது வேறு. காலையில் அதைக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன்.

சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கிறது. தசை தங்க வேண்டுமானால் அதற்கு வேலையும் வேண்டும், புரதமும் வேண்டும். நீ வேலையை வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்க மறுக்கிறாய்.

சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்பார்கள். பயிற்சி செய்துகொண்டே எடை குறைப்பவருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும். நீ 80 கிலோ என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 முதல் 130 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, 200 மில்லி பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. வெந்த பருப்பு 100 கிராமில் 9, சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30. வேர்க்கடலையை மட்டும் புரதம் என்று நம்பி அள்ளிப் போடாதே. 100 கிராமில் 25 கிராம் புரதம் உண்டு, கூடவே 550 கலோரிக்கு மேல் வந்துவிடும்.

பயிற்சி முடிந்து அரை மணிக்குள் புரதப்பொடியைக் கலக்கிக் குடிக்காவிட்டால் போச்சு என்று ஒரு பையன் ஷேக்கரைக் குலுக்கிக்கொண்டே என்னை மிரட்டினான். அவ்வளவு அவசரம் ஒன்றும் இல்லை. எடை தூக்கிய தசை ஒரு நாள் வரைகூடப் புரதத்தை நன்றாகவே பயன்படுத்திக்கொள்ளும். நாள் முழுவதற்குமான மொத்தம்தான் முக்கியம். நிதானமாகக் குளித்துவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டிலேயே 25, 30 கிராம் வருகிற மாதிரி பார்த்துக்கொள். சமைக்க முடியாத நாளில் வே (whey) என்கிற புரதப்பொடி ஒரு ஸ்கூப் கலக்கிக் குடி, தப்பில்லை. பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தண்ணீரிலிருந்து எடுப்பதுதான் அது, மந்திரப்பொடி இல்லை.

அப்புறம், அடுத்து நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு, மேலே ஒரு ஷேக்கும் குடித்தேன். எடை குறைவது நின்றுவிட்டது. புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி இருக்கிறதே! அதில் கால் பங்கு செரிமானத்திலேயே செலவாகும், வயிறும் நெடுநேரம் நிறைந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் தட்டில் வேறு எதையாவது குறைத்துக்கொண்டுதான் இதைச் சேர்க்க வேண்டும். நான் மாவுச்சத்தைப் பாதியாக்கினேன். எண்ணெயில் பொரித்ததைத் தூங்கப் போகும் நேரத்தில் தொடுவதில்லை, நெஞ்சு எரிகிறது.

உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. சிறுநீரகப் பரிசோதனை செய்து எவ்வளவு நாளாயிற்று? அதை முதலில் முடித்து, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புரதத்தைக் கூட்டு. சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் உனக்குப் பொருந்தாது.

பிஸ்கட் டப்பா இப்போது என் மனைவியின் பாதுகாப்பில். அடுத்த கடிதத்தில் எத்தனை கிலோ குறைந்தாய் என்று எழுதாதே. இடுப்புச் சுற்றளவையும், எவ்வளவு தூக்குகிறாய் என்பதையும் எழுது.

உன் பழைய பெஞ்சுத் தோழன்