கொழும்பிலிருந்து அப்பச்சிக்கு

வெள்ளவத்தை, கொழும்பு 6

அன்புள்ள அப்பச்சிக்கு,

இங்கே நலம். சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று ஆத்தாவிடம் சொல்லுங்கள். சம்பலும் சொதியும் பழகிவிட்டன.

எங்கள் வங்கிக்கு ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஆலோசகராக வந்திருக்கிறார் என்றதும், "காரையும் ஏசி ரூமையும் விட மனசு வராதவங்களுக்குக் கொடுக்கிற பதவி" என்றீர்கள். காலமெல்லாம் வங்கியில் இருந்தவர் நீங்கள், நான் என்ன சொல்ல? ஆனால் போன வாரம் கடன் குழுவில் ஒரு ஃபைல் வந்தது. கணக்கெல்லாம் சுத்தம், அடமானமும் கெட்டி. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "கடன் டாலரில். வரும்படி எதில்?" ரூபாயில். டாலர் ஏறினால் எப்படிக் கட்டுவார்கள்? ஃபைல் வந்த வழியே திரும்பியது.

2022 நெருக்கடியைப் பார்த்தவர் அல்லவா! அந்த மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டாலர், மே மாதம் 360ஐத் தொட்டதாம். நடுவே ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே கைவிரித்தது. அந்த நெருக்கடியில் யாரைத் தேடினார்கள் தெரியுமா? ஓய்வுபெற்று ஆஸ்திரேலியா போயிருந்த நந்தலால் வீரசிங்கவை. மத்திய வங்கி ஆளுநராகப் பொறுப்பேற்ற மறுநாளே வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றினார். கடன் விவகாரத்துக்கு ஜனாதிபதி அமைத்த மூவர் ஆலோசனைக் குழுவில் நம் தமிழர் இந்திரஜித் குமாரசுவாமி. 1974இல் மத்திய வங்கியில் சேர்ந்தவர், பிறகு லண்டனில் காமன்வெல்த் செயலகம், 2016 முதல் 2019 வரை ஆளுநர். இலங்கை ரக்பி அணிக்கும் தலைவராக இருந்தவராம், நம்புவீர்களா?

எல்லாரும் அந்த வட்டியைப் புகழவில்லை. என் வீட்டுக்கார அம்மாவுக்கு வைப்புப் பணத்துக்குக் கூடுதல் வட்டி வந்தது. விலைவாசி 70 சதவீதம் ஏறிய நேரத்தில் அது எந்த மூலைக்கு? ஓவர்டிராஃப்ட் கடனில் கடை நடத்திய அவர் தம்பியோ நொடித்தே போனார்.

செட்டியார் தெருவுக்கும் போனேன். புதிய கதிரேசன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்தால் இருபக்கமும் நகைக்கடைதான், செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகளின் சுவடே தெரியவில்லை. அந்தக் காலத்தில் வெள்ளைக்கார வங்கிகள், கடன் கேட்பவரின் நம்பகத்தை எடைபோடும் ஷ்ராப் சொல்லைக் கேட்டுத்தானே நம்மவர்களுக்குப் பணம் கொடுத்தன? அவர் பார்த்ததும் ஆலோசகர் வேலைதான், அப்பச்சி. இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

ஐயாவின் பழைய பேரேட்டில் கொழும்புக் கடையின் கதவு எண் இருந்தால், தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்